மார்கழி லோடு

சேனாபதி வாங்கிப் போட்டு மறந்த சாமான்களுக்கென்றே எங்கள் கராஜில் ஒரு மூலை இருக்கிறது. டிரெட்மில், டெலஸ்கோப், தந்தி அறுந்த கிடார், தேனீ வளர்க்கிற பெட்டி. தேனீயும் வரவில்லை, அவரும் அந்தப் பக்கம் போகவில்லை. அந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தது, ரைஃபிள் தோட்டா செய்கிற பிரஸ்.

ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர் ஒரு சனிக்கிழமை இவரைச் சுடுவதற்குக் கூட்டிப் போனார். டெக்சஸில் இது பெரிய விஷயமில்லை, நம் ஊரில் ஷட்டில் விளையாடப் போகிற மாதிரி. மறுவாரமே வீட்டுக்கு ரைஃபிள் வந்தது, ஷூட்டிங் கிளப் கார்டு வந்தது. தோட்டாவை நாமே செய்தால்தான் குறி தப்பாது என்று யூடியூபில் எவரோ சொல்ல, பிரஸ்ஸும் தராசும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து நாலே நாலு தோட்டா செய்தார். அதில் ஒன்று கோணல். "இதுக்கெல்லாம் ரொம்ப பேஷன்ஸ் வேணும்" என்று எழுந்து போனவர்தான். அதற்குப் பிறகு பிரஸ் மேல் துணி உலர்ந்தது.

துணியை எடுத்துவிட்டு உட்கார்ந்தவள் நான்.

நான் ஒரு பெயிண்ட் கம்பெனியின் லேபில் கெமிஸ்ட். நாள் பூராவும் மில்லிகிராமோடு மாரடிக்கிறவள். இந்த வேலையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. சுட்டு முடித்த பித்தளைக் கேஸைச் சுத்தம் செய்து, பிரஸ்ஸில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் பவுடரைப் பற்ற வைக்கிற பொட்டு மாதிரியான புது பிரைமர் பொருத்தி, பவுடரை எடை போட்டுக் கொட்டி, மேலே குண்டை உட்கார வைக்க வேண்டும். கடையில் விற்கிற தோட்டா ஊருக்கெல்லாம் பொது. கையால் செய்வது இந்த ஒரு ரைஃபிளுக்காக. பவுடர் கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய, குண்டு மயிரிழை உள்ளே, மயிரிழை வெளியே என்று மாற்றி மாற்றிப் பார்த்தால், ஏதோ ஓர் இடத்தில் ரைஃபிள் ஒத்துக்கொள்ளும். அந்த இடத்தைத் தேடிப் பிடிப்பதுதான் லோடு போடுவது.

பிடித்துவிட்டோமா என்று எப்படித் தெரியும்? கிளப் ஆண்களைக் கேட்டால் டார்கெட் காகிதத்தைக் காட்டுவார்கள். மூன்று குண்டு ஒட்டினாற்போல் விழுந்த காகிதத்தை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, பேத்தி ஃபோட்டோ மாதிரி எல்லோரிடமும் நீட்டுவார்கள். அதற்கு முன்னாலும் பின்னாலும் சிதறின காகிதமெல்லாம் குப்பைக்குப் போயிருக்கும். மூன்று குண்டு ஒன்றாக விழுவது அதிர்ஷ்டம். எங்கள் லேபில் மூன்று சாம்பிளை வைத்துக்கொண்டு ரிப்போர்ட் எழுதினால் வேலை போய்விடும். நான் க்ரோனோகிராஃபை நம்பினேன். டிபன் பாக்ஸ் அளவில் ஒரு ரேடார் பெட்டி, ரைஃபிளுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒவ்வொரு குண்டும் நொடிக்கு எத்தனை அடி வேகத்தில் போகிறது என்று காட்டும். வேகம் குண்டுக்குக் குண்டு மாறினால், ஆயிரம் கெஜத்துக்கு அப்பால் ஒன்று மேலே போகும், ஒன்று கீழே விழும். நிறைய சுட்டு, நிறைய எண் பார்த்து, வேகம் ஆடாமல் நிற்கிற லோடைப் பிடித்தேன். க்ரோனோ யாருக்கும் முகஸ்துதி செய்யாது. அதனாலேயே எனக்கு அதைப் பிடித்துப் போனது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சேனாபதி தமிழ்ப் பள்ளிக்குப் போய்விடுவார். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு உயிரெழுத்தும் பன்னிரண்டு மாதங்களும் சொல்லித் தருகிற வாலண்டியர் வாத்தியார். அந்த நேரத்தில் நான் ஃப்ரீவேயைப் பிடித்து, கிளப்பின் சுடுகிற மைதானமான ரேஞ்சுக்குப் போய், அவர் ரைஃபிளில் என் தோட்டாக்களைச் சுட்டு எண் பார்ப்பேன். ஞாயிறு ரேஞ்ச் காலியாகக் கிடக்கும். போட்டிகள் நடப்பது சனிக்கிழமை. அன்றைக்கு அவர் என் தோட்டாக்களை எடுத்துக்கொண்டு போவார். அதாவது, செய்கிறபோது யாரும் பார்க்கவில்லை, சுடுகிறபோது எல்லோரும் பார்த்தார்கள்.

அவர் ஸ்கோர் ஏற ஆரம்பித்தது. கிளப் ஆட்கள் வந்து பெட்டியைப் பார்த்தார்கள். பெட்டி மேல் லோடு போட்டவரின் கடைசிப் பெயரை எழுத வேண்டும் என்பது கிளப் விதி. இந்த நாட்டுக் காகிதங்களில் என் கடைசிப் பெயர் சேனாபதி. கல்யாணமானதும் பாஸ்போர்ட்டில் அவர் பெயரை என் பெயருக்குப் பின்னால் ஒட்டினோம். அவருக்குக் கடைசிப் பெயர் கருப்பசாமி, அவர் அப்பா பெயர். விதிப்படி பார்த்தால் "சேனாபதி" என்று பெட்டியில் எழுதியிருந்த பெயர் என்னுடையது. ஆனால் கிளப்பில் கருப்பசாமி என்று சொல்ல யாருக்கும் நாக்கு திரும்பாததால் எல்லோரும் அவரைச் சேனாபதி என்றே கூப்பிட்டார்கள். பெட்டியும் சேனாபதி, ஆளும் சேனாபதி. அதோடு முடிந்தது.

அவர் திருத்தவில்லை. முதல் தடவை கேட்டபோது, "அங்க போய் என் பெண்டாட்டி செஞ்சதுன்னு சொன்னா சிரிப்பாங்க" என்றார். அப்புறம், "சொல்றேன், சமயம் வரட்டும்" என்றார். இது அவருக்குப் புதுசில்லை. ஐ.டி. கம்பெனியில் டெலிவரி மேனேஜர். கீழே இருக்கிற பிள்ளைகள் செய்த வேலையை மேலே கொண்டுபோய் "நம்ம டீம்" என்று காட்டுவதும், தப்பு வந்தால் அதே பிள்ளையின் பெயரை மெயிலில் போடுவதும் இருபது வருஷப் பழக்கம். கோபம் வந்தாலும் எனக்கு வாயில் "அவர்" என்றுதான் வருகிறது. அதுவும் பழக்கம்தான்.

நானே ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். கிளப் கேப்டன் வால்டர் ஒரு ஞாயிறு ரேஞ்சுக்கு வந்திருந்தார். எழுபது தாண்டின, மரியாதையான மனிதர், பெண்களைப் பார்த்தால் தொப்பியைத் தொடுவார். "அந்தத் தோட்டாவெல்லாம் நான் செய்வது" என்றேன். முகமெல்லாம் சிரிப்பாக, "நல்லது, நல்லது. என் மனைவியும் எனக்குக் கேஸ் பாலிஷ் போட்டுக் கொடுப்பாள், பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்தில் க்ரோனோ என் எண்களைக் காட்டிக்கொண்டு நின்றது.

கோடையில் மாநில அளவில் டீம் போட்டி. கிளப்பிலிருந்து நாலு பேர் போவார்கள். ஸ்கோரில் முதல் மூன்று பேர், நாலாவதாக டீமுக்கு லோடு போட்டவர். அது அந்தக் கிளப்பின் வழக்கம், லோடு போட்டவர்தான் அதைச் சுட்டும் பார்க்க வேண்டும் என்று. இந்த வருஷம் நாலு பேரும் ஒரே மாதிரி ரைஃபிள், ஒரே லோடு. குளிர் காலத்தில் ஒவ்வொருவரும் என் லோடைத் தங்கள் ரைஃபிளில் க்ரோனோ வைத்துச் சுட்டுப் பார்த்தார்கள். எல்லோருக்கும் ஒத்துப்போனது. நாலாவது இடத்துக்கு வால்டர் சேனாபதியின் பெயரை எழுதினார்.

அது என் இடம். எனக்கு அது வேண்டியிருந்தது. வெளிப்படையாகவே சொல்கிறேன், ஆளுக்கொரு பண்டம் கொண்டுபோகிற கோயில் பாட்லக்குக்குப் புளியோதரை செய்து, "சேனாபதி வீட்டுப் புளியோதரை" என்று பெயர் வாங்கியதெல்லாம் போதும் என்றிருந்தது. அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் நேராகக் கேட்டேன்.

"ஏங்க, அது லோடு போட்டவங்களுக்கான இடம். நீங்க எப்ப சொல்லப் போறீங்க?"

"ஜூலை ப்ராக்டிஸ்ல சொல்லிடறேன். இப்பவே சொன்னா டீமே கன்ஃப்யூஸ் ஆயிடும். நல்லா செட் ஆகட்டும்."

"ப்ராமிஸா?"

"சொல்றேன்னா சொல்றேன், வான்மதி."

சரி என்றேன். நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். காத்திருந்தேன்.

இப்போது மாதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பவுடருக்கு வெயில் ஆகாது. சூடேறினால் வேகமாக எரியும், வேகமாக எரிந்தால் உள்ளே அழுத்தம் ஏறும். ஜனவரியின் குளிர் காலையில் சாதுவாக இருக்கிற தோட்டா, ஹூஸ்டனின் ஜூலை மத்தியானத்தில் வேறு ஜாதி. டீம் சுட்டுப் பார்த்த லோடு, நான் இந்த வருஷக் குளிர்காலத்தில் பிடித்தது. அபாரமான லோடு, ஆனால் எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிற லோடு. அதனால் பெட்டி மேல் "மார்கழி" என்று மார்க்கரில் எழுதினேன், தமிழில். சமையலறை டப்பாவில் கடலைப் பருப்பு, துவரம் பருப்பு என்று எழுதுகிற கை அது. வீட்டில் படிக்கிறவர்கள் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் தமிழ் தெரியும், அதற்குமேல் யோசிக்கவில்லை. வால்டருக்கு அந்த எழுத்தின் மேல் ஆசை. "சேனாபதியின் மந்திரம்" என்று சொல்லிச் சிரிப்பாராம்.

மே மாதம் ஒரு ஞாயிறு அதே மார்கழித் தோட்டாவை எடுத்துப் போய் வெயிலில் சுட்டேன். க்ரோனோவில் எண் எகிறியது. ரைஃபிளின் பின்பக்கத்தை அடைக்கிற போல்ட்டைத் திறக்க முழங்கையால் இழுக்க வேண்டியிருந்தது, பிரைமர் தட்டையாகப் படிந்திருந்தது, அழுத்தம் மீறியதற்கு அடையாளம். இரண்டுக்கு மேல் சுடவில்லை. வீட்டுக்கு வந்து பவுடரைக் குறைத்து, முதலிலிருந்து படிப்படியாகச் சுட்டுப் பார்த்து, வெயிலுக்கென்று தனி லோடு பிடித்தேன். வேகம் கொஞ்சம் குறைவு, காற்றடித்தால் சற்றுக் கூடுதலாகத் தள்ளும், ஆனால் பத்திரம். அதை டீமுக்கென்று பெட்டி பெட்டியாகச் செய்து, "ஆனி" என்று எழுதி அடுக்கினேன். மார்கழிப் பெட்டிகளை வீட்டுக்குள் அலமாரியில் ஏற்றினேன், அடுத்த குளிருக்கு ஆகும் என்று.

அவரைக் கூப்பிட்டு நிற்க வைத்துச் சொன்னேன். "இத பாருங்க, வெயில் முடியற வரைக்கும் ஆனிப் பெட்டி மட்டும்தான். மார்கழிய எடுக்கவே கூடாது. அழுத்தம் தாங்காம பிரைமர் பிச்சுக்கிட்டுப் பின்னாடி மூஞ்சிக்கு வரும். டீம்ல எல்லார்கிட்டயும் லோடு மாத்தியிருக்குன்னு சொல்லுங்க. புதுசா ஒருவாட்டி க்ரோனோ வெச்சுச் சுடச் சொல்லுங்க."

"வேகம் ஏன் குறைச்சேன்னு வால்டர் கேப்பாரே."

"இப்ப நான் சொன்னதையே சொல்லுங்க."

"ம்" என்றார். அந்த "ம்" எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வால்டர் ஒரு கேள்வி கேட்பார், அதற்கு இவர் பதில் சொன்னால் அவர் இரண்டாவது கேள்வி கேட்பார், இரண்டாவதுக்கு இவரிடம் பதில் இருக்காது. "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று சொல்ல வேண்டி வரும். அதைச் சொல்வதற்குப் பதில் வாயை மூடிக்கொள்வதே மேல் என்று என் வீட்டுக்காரர் முடிவு செய்திருக்கிறார். இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

ஜூலை ப்ராக்டிஸ். எனக்குச் சனிக்கிழமையும் லேபில் வேலை இருந்தது. இவர் காலையில் அலமாரியைத் திறந்து மார்கழிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். பெட்டி மாறிப் போகவில்லை. ஆனிப் பெட்டிகள் கராஜில் கதவோரமாக, கால் தடுக்குகிற இடத்தில் இருந்தன. அவற்றைத் தாண்டி, உள்ளே போய், ஸ்டூல் போட்டு ஏறி எடுத்திருக்கிறார். மார்கழித் தோட்டாவில்தான் அவருடைய நல்ல ஸ்கோர் எல்லாம். போகிற வழியில் எல்லோருமாக டாக்கோ சாப்பிட இறங்கியிருக்கிறார்கள். பெட்டி மூடின காருக்குள் வெந்திருக்கிறது. அப்புறம் ரேஞ்சில் பெஞ்சு மேல், வெயிலில்.

டேல் என்று ஒருவர், டீமில் நல்ல ஷூட்டர், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். ரைஃபிள் குழல் கொதிக்கிற வரைக்கும் சுட்டிருக்கிறார். அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றிவிட்டு, காற்று அடங்கட்டும் என்று காத்திருந்திருக்கிறார். காற்று அடங்குவதற்குள் குழலின் சூட்டில் தோட்டா இன்னும் வெந்திருக்கிறது. சுட்டார். பிரைமர் பிய்த்துக்கொண்டு நெருப்பும் வாயுவும் பின்னால் முகத்துக்கு வந்தன. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. கன்னத்தில் தீக்காயம், புருவத்தில் தையல். ரைஃபிளின் போல்ட்டைச் சுத்தியல் வைத்துத் தட்டித் திறந்தார்களாம்.

லேபுக்குச் சேனாபதியின் ஃபோன் வந்தது. டேலுக்கு எப்படி இருக்கிறது என்று நான் கேட்பதற்குள், "வான்மதி, நீ யார்கிட்டயும் எதுவும் பேசாத. நான் ஹேண்டில் பண்ணிக்கறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். ஸ்டூல் அப்படியே கிடந்தது. நான் நிரப்பின பவுடர் ஒரு மனிதரின் முகத்தில் வெடித்திருக்கிறது. இவர் சோபாவில் உட்கார்ந்து, "ரூட் காஸ் என்னன்னு கேப்பாங்க. நம்ம ஸ்டோரி கன்சிஸ்டென்ட்டா இருக்கணும்" என்றார்.

மறுவாரம் வால்டர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டனுப்பினார். கிளப்பின் தகரக் கொட்டகையில் நீள மேஜை, அதன் நடுவில் என் பெட்டி. டேல் வந்திருந்தார், முகத்தில் பாதிக்குக் கட்டு. என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "மன்னிச்சிடுங்க" என்றேன். "கண் இருக்கு, அது போதும்" என்றார். அவ்வளவு மரியாதையாக அவர் சொன்னது என்னை இன்னும் குறுக வைத்தது.

வால்டர் பெட்டியைத் திருப்பி எழுத்தைக் காட்டினார்.

"மேடம், பெட்டி மேல் எழுதியது நீங்கள் என்றும், இது வெயில் கால லோடு என்று எழுதியிருக்கிறதாகவும் உங்கள் கணவர் சொல்கிறார். வெயில் கால லோடு ஏன் இப்படிச் செய்தது?"

நான் சேனாபதியைப் பார்த்தேன். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகத் தமிழில் சொன்னார்: "ஆனின்னு சொல்லிடு. மத்தத வீட்ல போய்ப் பேசிக்கலாம்."

என் கையெழுத்து. மா, ர், க, ழி. குழந்தைகூடப் படிக்கும்.

"இது மார்கழி" என்றேன் வால்டரிடம். "டிசம்பர், ஜனவரி. குளிர்காலத் தோட்டா. வெயிலுக்கு வேறு செய்து, இதை எடுக்காதே என்று இவரிடம் சொல்லியிருந்தேன். அந்தப் பெட்டிகள் எங்கள் கராஜில் பிரிக்காமல் இருக்கின்றன."

வால்டர் அவரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார், பொறுமைசாலியின் பெருமூச்சு. "எங்கள் மாதங்கள் கொஞ்சம் குழப்பமானவை, வால்டர். நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு இதைத்தான் பாடமாக நடத்துகிறேன். அவளுக்கு அடிக்கடி மாறிவிடும்" என்றார்.

அறையில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் வாத்தியார், இன்னொருத்தி வாத்தியாரின் மனைவி. வால்டரின் முகத்தில் சங்கடம், இன்னொருவர் வீட்டுச் சண்டைக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவரின் சங்கடம். ஃபோனை எடுத்து எழுத்தைப் படம் பிடித்துப் பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வால்டர் கையை உயர்த்திவிட்டார்.

"எப்படிப் படித்தாலும் சரி. சுடுகிறவனால் படிக்க முடியாத மொழியில் எழுதியிருக்கிறது. அதுவே தப்பு. லோடு போட்டவர்தான் லோடுக்குப் பொறுப்பு, அதுதான் இங்கே சட்டம்."

அதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை நான் இன்றும் மறுக்கவில்லை. டேல் படிக்கிற மாதிரி நான் எழுதியிருக்க வேண்டும்.

வால்டர் அவர் பக்கம் திரும்பினார். "சேனாபதி, ரெண்டு வருஷமாக இது உன் லோடு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நேராகக் கேட்கிறேன். இது யார் லோடு?"

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தெளிவாக, நிதானமாக, கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"இவளுடையது. முதல் நாளிலிருந்து எல்லாம் இவளுடையது. பவுடர், எடை, வேகம், எல்லாம் இவளே பார்த்துச் செய்தது. நான் அந்தப் பிரஸ்ஸைத் தொட்டதுகூட இல்லை."

இந்த வாக்கியத்துக்காகத்தான் இரண்டு வருஷம் காத்திருந்தேன். ஒரு வார்த்தை குறையாமல் சொல்லிவிட்டார். ஜூலையில் சொல்கிறேன் என்றார், ஜூலையிலேயே சொன்னார்.

வால்டர் சுவரில் இருந்த போர்டுக்குப் போனார். இந்த ரேஞ்சில் யாருடைய லோடைச் சுடக் கூடாது என்று எழுதுகிற போர்டு அது, அதுவரை காலியாக இருந்தது. "உங்கள் முதல் பெயர்?" என்று கேட்டார். சேனாபதி முந்திக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார், வகுப்பில் சொல்கிற மாதிரி. வால்டர் பெரிதாக எழுதினார்: வான்மதி. பின்னால் சேனாபதி என்று சேர்க்கப் போனவரை இவர் தடுத்தார். "அது வேண்டாம். எல்லோருக்கும் குழப்பமாகிவிடும்."

டீம் கடைத் தோட்டாவோடு போட்டிக்குப் போகும் என்று முடிவானது. சேனாபதி நாலாவது இடத்தில் இருக்கட்டும் என்றார் வால்டர். கிளம்பும்போது இவர் தோளில் கை வைத்துச் சொன்னார். "சொந்த மனைவியைக் காப்பாற்ற நினைக்காமல் உண்மையைச் சொன்னாயே. சுலபமில்லை அது." இவர் தலையைக் குனிந்துகொண்டார். வால்டர் காலிப் பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுத் தொப்பியைத் தொட்டார்.

கார் ஐ-டென் ஃப்ரீவேயில் ஏறியது. அப்புறம் அவர்தான் ஆரம்பித்தார். "ஃபேமிலியா யோசிச்சுப் பாரு. எனக்குத் தெரிஞ்சும் எடுத்துட்டுப் போனேன்னா அது நெக்லிஜென்ஸ், டேல் கேஸ் போடலாம். நீ லேபிள் மாத்தி எழுதிட்டேன்னா அது வெறும் மிஸ்டேக். மிஸ்டேக்க யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க."

"மாத்தி எழுதலையே நான்."

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். அது போதாதா?"

"போதாது" என்றேன். ஏசியைக் கூட்டி வைத்தார்.

அடுத்த ஞாயிறு ரேஞ்சுக்குப் போக எனக்கு வழியில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு தமிழ்ப் பள்ளிக்குப் போனேன். வாடகைக்கு எடுத்த சர்ச் கட்டடத்தில், மாடியில் அவர் வகுப்பு. போர்டில் பன்னிரண்டு மாதமும் வரிசையாக எழுதியிருந்தார், அழகான கையெழுத்து. பின்னால் நாலைந்து அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் வந்ததைப் பார்த்து, "வா வா" என்றார், பார்வையாளர்களுக்கான சிரிப்போடு.

நான் நேராக முன்வரிசைக்குப் போய், காலிப் பெட்டியை மேஜை மேல் வைத்தேன். எழுத்து பிள்ளைகள் பக்கம் தெரிகிற மாதிரி.

"இத யாராச்சும் படிங்க பார்க்கலாம்."

ஏழெட்டுக் குரல் ஒன்றாக எழுத்துக் கூட்டியது. "மா... ர்... க... ழி. மார்கழி!"

"எப்ப வரும்?"

"டிசம்பர்!" என்றார்கள், இங்கிலீஷில். ஒரு பெண் மட்டும் கையைத் தூக்கி, "அண்ட் சம் ஆஃப் ஜனவரி, ஆன்ட்டி" என்று சரியாகச் சேர்த்தாள்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். காதோரம் சிவந்திருந்தது. அம்மாக்களைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. ஒரு நிமிஷம் ஏதோ சொல்லப் போகிறார் என்றுகூட நினைத்தேன். அதற்குள் சமாளித்துக்கொண்டார். பெட்டியை மெதுவாகத் திருப்பி, எழுத்து தன் பக்கம் பார்க்கிற மாதிரி வைத்தார்.

"வெரி குட். ஆன்ட்டி உங்களுக்காக வீட்லருந்து ரீடிங் ப்ராக்டிஸ் கொண்டுவந்திருக்காங்க. எல்லாரும் ஆன்ட்டிக்கு ஒரு கிளாப் பண்ணுங்க."

பிள்ளைகள் கை தட்டினார்கள். பின்னால் இருந்த அம்மாக்களும் சிரித்துக்கொண்டே தட்டினார்கள். அது ஓய்கிற வரை நான் அங்கேயே நின்றேன்.